கதவைச் சாத்திப் பத்து நிமிஷம்

வண்டியில் ஏறுவாள். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். இன்ஜின் ஓடக் கூடாது, பாட்டு ஓடக் கூடாது, வண்டிக்காரன் கண்ணாடியைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்கவும் கூடாது. எதிர்ப்புறம் என் டயர் கடையில் உட்கார்ந்தபடி ஒன்பது வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட என் வேலையைக் கவனிக்காமல் அவளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். வெளியே நிற்கும் வண்டிக்காரன் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

இறங்கி வந்ததும் ஒரே வரியில் சொல்லிவிடுவாள். பின்னால் இடது பக்கம் மிதியடிக்கு அடியில் பால் கொட்டியிருக்கிறது, மூன்று வாரம் இருக்கும் என்பாள். இல்லவே இல்லை என்று வண்டிக்காரன் சத்தியம் பண்ணுவான். மிதியடியைத் தூக்கினால் அங்கே மஞ்சளாய் உறைந்துபோய்க் கிடக்கும். அன்றிலிருந்து அவனும் அவளை மூக்கக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவான். அறுபது வயசுக்காரனும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

வண்டியின் உள்ளே சுத்தம் செய்வது அவள் தொழில். வெளியே பளபளப்பாக்குவதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அவள் கதவுக்கு உள்ளே மட்டும்தான் கை வைப்பாள். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, வெந்நீரும் சமையல் சோடாவும் வினிகரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயப்போடுவாள். கண்ணாடியில் தொங்கும் சென்ட் புட்டியைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது. முதல் வேலையாக அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவாள். குளிக்காமல் பவுடர் பூசிக்கொள்கிற புத்தி என்று திட்டுவாள். பிறகு முன்பக்கப் பெட்டிக்குப் பின்னாலிருந்து காற்று வடிகட்டியை உருவி எடுத்து வண்டிக்காரன் கையில் கொடுப்பாள். காய்ந்த இலை, பூச்சி இறகு, எலி முடி எல்லாம் அதில் இருக்கும். "இதைத்தான் ஆறு மாசமா மூச்சா இழுத்துக்கிட்டு இருந்தீங்க" என்பாள். மலிவு மலிவு என்று அலைகிற ஆள்கூட அப்போது மறுபேச்சு பேசாமல் புது வடிகட்டி வாங்கிவருவான்.

அவள் புருஷன் வேன் ஓட்டினார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கும் ஏழு பேரை, காலையில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பக் கூட்டிவருவார். செவ்வாய், வியாழன், சனி. போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். மழை என்றால் அதற்கு மேலும் ஆகும். பழைய பெட்ரோல் வேன்தான். ஆனால் உள்ளே ஏறினால் யாரும் பழைய வண்டி என்று சொல்ல மாட்டார்கள். எல்லாம் அவள் கைவரிசை. சீட்டுக்கெல்லாம் பருத்தி உறை தைத்துப் போட்டு வாராவாரம் துவைத்தாள். நோயாளிகளுக்குச் சாலைப் புகை ஆகாது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினாள். ஏசியில் உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டன் ஒன்று உண்டல்லவா, அதை எப்போதும் அமுக்கியே வைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்க வைத்தாள். மற்ற வேன்காரர்கள் மூன்று மணி நேரம் ஏசி போட்டுத் தூங்கினால் இவர் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்.

"வெளிப்புகை ஒரு துளி உள்ள வரக் கூடாதுங்க" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அவர் அதை வேன் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அதில் அத்தனை பெருமை. ஒவ்வொரு தடவையும் காலையில் வேனைக் கிளப்பும் முன் அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திப் பத்து நிமிஷம் உட்காருவாள். இறங்கி, சரி என்று தலையாட்டினால்தான் அவர் சாவியைத் தொடுவார்.

ஏழு பேரில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் டைப் அம்மா. முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த பெண்மணி. எதிலும் ஒரு எழுத்துப் பிசகு பொறுக்க மாட்டார். பேசும்போதுகூட வரி முடிந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். இன்னொருவர் கடிகாரக்காரர். கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். கண் மங்கியபின் கடையை மூடிவிட்டார். கால் வீங்கிக்கிடக்கும், நீட்டினால்தான் வலி அடங்கும். அதனால் பின்சீட்டு முழுக்க அவருக்குத்தான் என்று பேசாமலே முடிவாகியிருந்தது. டைப் அம்மா அதே வரிசையில் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்வார்.

கடிகாரக்காரருக்கு அவள்மேல் பெண்ணைப்போலப் பிரியம். வேனிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். கடைசி ஒரு மாதமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வீட்டுல ராத்திரி பூரா புரண்டுக்கிட்டு இருப்பேன்மா. உன் வண்டியில ஏறினா பத்து நிமிஷத்துல கண்ணைச் சொக்கிடுது. அப்படியொரு தூக்கம். என்ன மந்திரம் போட்டு வெச்சிருக்கே?"

"சுத்தமான காத்துங்க. வேற என்ன" என்பாள் அவள். முகத்தில் சிரிப்பு தாங்காது. நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

இனி சொல்லப்போவதில் பாதி, பிற்பாடு அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது.

எட்டு மாசத்துக்கு முன்னால் வெள்ளத்தில் முங்கின கார் ஒன்றை அவளிடம் கொண்டுவந்தார்கள். உள்ளே முழுக்கப் பூஞ்சை. மறுநாள் காலை குடும்பத்தோடு வெளியூர் போகணும், இன்றைக்கே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வெயில் வேறு இல்லை. அவள் வழக்கப்படி செய்தால் நாலு நாள் ஆகும். அவசரத்துக்குப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தாள். கறை போகவில்லை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதன்மேலேயே ஊற்றினாள். பூஞ்சை வெளியே பறந்து மற்ற வண்டிகளில் ஒட்டிவிடப் போகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தேய்த்தாள். அவளைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்து கிளம்பிய விஷப்புகையில் மூச்சுத் திணறிக் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து விழுந்தாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் இருமிக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து டீ போட்டாள். டீயில் மணம் இல்லை. தூள் பழசு என்று நினைத்தாள். சோப்பை முகர்ந்தாள். வினிகர் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். கடைசியில் புருஷனின் வேர்வைச் சட்டையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை.

நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று காத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்த மனுஷர் தலை நிமிர்ந்து நடந்ததும் அந்த மூக்கால்தான். மூக்குப் போன மூக்கக்காவை எவன் தேடி வருவான்?

ஆனால் வேலை நிற்கவில்லை, அதுதான் ஆச்சரியம். மூக்கு செய்ததைக் கண்ணும் விரலும் செய்யப் பழகிக்கொண்டன. பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து சீட்டுத் தையலைப் பார்ப்பாள், தரைவிரிப்பை விரலால் அழுத்துவாள். இறங்கிவந்து, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, நாய் வளர்க்கிறீர்களா என்று பேச்சுக் கொடுப்பாள். வண்டிக்காரன் வாயிலிருந்தே விஷயத்தைக் கறந்து, ஒரு நிமிஷம் கழித்து அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அந்த எட்டு மாசத்தில் அவள் முன்னைவிடக் கெட்டிக்காரி ஆகிவிட்டாள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில்தான் இரண்டு மூன்று தடவை சோறு அடிப்பிடித்தது. வேலைக் களைப்பு என்று புருஷன் கேலி பண்ணிவிட்டுத் தின்றார்.

மழைக்காலம் தொடங்கும் முன் வேனை ஒருமுறை முழுக்கக் கழுவுவது அவள் வழக்கம். தரைவிரிப்பை எல்லாம் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பாள். தண்ணீர் வடிய வேனின் தரையில் நாலு துளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் மூடி. அதைப் பிடுங்கிவிட்டுக் கழுவி, வடிந்ததும் திரும்ப அழுத்தி வைப்பாள். இந்த வருஷமும் கழுவினாள். அன்றைக்கு வேனின் ஸ்டெப்னி டயரில் பஞ்சர் இருந்ததால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்து ஒட்டிக்கொடுத்தவன் நான். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வைத்ததும் நான்தான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து டைப் அம்மா வேன்காரரிடம் சொல்லியிருக்கிறார். தம்பி, பின்னால் புகை நாற்றம் வருகிறது, போன தடவையும் வந்தது, இன்றைக்கும் வருகிறது, இறங்கினால் தலை வெடிக்கிறது என்று. அந்த மனுஷர் பதறிப்போனார். தன் வேனில் நாற்றமா? அடுத்த தடவை வேனைக் கிளப்பும் முன் பெண்டாட்டியை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே நின்றார். நான் காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் டைப் அம்மா உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். உறையைத் தடவினாள், ஜன்னல் பட்டையைத் தடவினாள். எல்லாம் அவள் கையால் துவைத்தது, அவள் கையால் ஒட்டியது. கறை இல்லை, ஈரம் இல்லை. இன்ஜினும் ஓடவில்லை, வழக்கம் அப்படி. அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷமும் என்ன நினைத்தாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். ‘தெரியலைன்னு சொல்லிடலாமா, சொல்லிடலாமான்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன் அண்ணே. கதவைத் திறந்தா அவரு முகம் தெரிஞ்சுது’ என்றாள்.

இறங்கினாள். "ஒண்ணுமில்லீங்க. ரோட்டுப் புகைதான். யாராவது கண்ணாடியை இறக்கியிருப்பாங்க. நல்லா ஏத்திவிடச் சொல்லுங்க."

வேன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று எல்லாரும் ஏறியதும், எங்கள் வீட்டு மூக்கு பார்த்துவிட்டது, ஒன்றுமில்லை என்று அறிவித்தார். டைப் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, மூக்கு எழுத்துப்பிழை விடுகிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கடிகாரக்காரரும் சிரித்தார். டைப் அம்மா அடுத்த தடவையிலிருந்து முன்வரிசைக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். கடிகாரக்காரருக்கு இப்போது பின்சீட்டு முழுசாகக் கிடைத்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் இப்படியே போனது.

அந்தச் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி வண்டிகள் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மெஷினிலிருந்து வந்தவர்களுக்குக் குளிர் தாங்காது, அதோடு வெளியே மழை. கண்ணாடி எல்லாம் ஏற்றியே இருந்தது. உள்ளே ஈரம் பூத்துக் கண்ணாடி மங்கக் கூடாதென்று ஏசி ஓடியது, ஏசிக்காக இன்ஜின் ஓடியது. ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டு வருகிற நாளில் எல்லாருக்கும் தலைவலியும் குமட்டலும் சகஜம். அதனால் அன்றைக்கு எல்லாருக்கும் தலை வலித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டைப் அம்மா ஒரு பையில் வாந்தி எடுத்தார். பின்னால் கடிகாரக்காரர் நல்ல தூக்கம்.

அவர் தெரு வந்ததும் வேன்காரர் ஹாரன் அடித்தார், எழுந்திருக்கவில்லை. போய்த் தோளைத் தட்டினார். பிறகு வேனைத் திருப்பிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கே ஓட்டினார். பிரயோஜனமில்லை. பல வருஷமாக அவரைப் பார்த்துவந்த டாக்டர், இதயம் ஏற்கெனவே பலவீனம், இந்த நோய்க்காரர்கள் இப்படித்தான் போவார்கள் என்று எழுதிக்கொடுத்தார். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். கடிகாரக்காரரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. வேன்காரர் அந்தம்மா முன்னால் போய்த் தேம்பித் தேம்பி அழுதார். அந்தம்மாதான் அவரைத் தேற்றினார்.

"நீங்க ஏன் தம்பி அழறீங்க? ஒரு வலியில்ல, ஒரு முனகல் இல்ல. தூக்கத்துலேயே போயிட்டாரு. அது உங்க வண்டியில கெடைச்ச தூக்கம். முகத்தைப் பாத்தீங்களா? ரெண்டு வருஷமா வெளுத்துப்போயிக் கெடந்த முகம். நேத்து உதடெல்லாம் செவந்து, கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி இருந்தாரு."

வண்டித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஷெட்டுக்குள் கதவைச் சாத்தி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான், அவன் முகம் மட்டும் உயிரோடு இருப்பவனைப்போலச் சிவந்து கிடக்கும். அது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டேன். மூக்கக்கா தடவை தவறாமல் ஏறி உட்காரும் வேனில் புகை எங்கிருந்து வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் அடித்தது. வேன்காரர் மற்ற நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போயிருந்தார். நாளைக்கு வருவார்களோ மாட்டார்களோ என்று அவருக்குக் கவலை. அவள் வேனை வாசலில் நிறுத்திப் பின்சீட்டையும் அதன் அடியிலிருந்த ஸ்டெப்னியையும் கழற்றினாள். சீட்டு உறையை வாளியில் போட்டாள். பிறகு தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு வெள்ளைத் துணியால் துடைத்தாள்.

துணி கறுத்தது.

சாலைத் தூசி நறநறவென்று இருக்கும். இது மெத்தென்று இருந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு வழுக்கியது. கரி. அவள் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். பின்சீட்டுக்கு நேர் கீழே ரப்பர் மூடி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளை. அதைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்பு வட்டம். மற்ற மூன்று துளைகளிலும் மூடி இருந்தது.

வேனிலிருந்து இறங்கிப் போய்த் தன் பிரஷ்களைப் போட்டுவைக்கும் தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். பிரஷ், கரண்டி, பழைய துணி, சோடாக் கட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த நாலாவது ரப்பர் மூடி உருண்டு வந்து என் கடைப்பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினேன்.

"இப்ப பின்னாடி வந்து உக்காருங்க. கதவைச் சாத்திக்குங்க. ஏதாச்சும் வாசனை வருதா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க மூக்குக்கு முன்னாடி என் மூக்கு எம்மாத்திரம்? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு வராதுண்ணே" என்றாள். "எட்டு மாசமா எதுவுமே வராது. மலமும் மல்லியும் எனக்கு ஒண்ணுதான். உக்காந்து பாத்துச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். கதவைச் சாத்தி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கண் எரிந்தது. இறங்கி இன்ஜினை அணைத்தேன். தலையாட்டினேன். வேனுக்கடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சர் குழாய் நடுவில் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. நேராக அந்தத் துளைக்குக் கீழே. மூடி இருந்திருந்தால் புகை சாலையோடு போயிருக்கும். எழுந்து வந்து இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேன்காரர் அப்போதுதான் வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு. ஆறு பேரும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். அவள் வெள்ளத்தில் முங்கிய காரிலிருந்து ஆரம்பித்து, டீ, சோப்பு, வேர்வைச் சட்டை, டைப் அம்மா சொன்ன நாள், தகர டப்பா, மூடி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அழவில்லை. நான் போய்விடலாம் என்று நகர்ந்தேன். இருங்க அண்ணே, நீங்களும் கேளுங்க என்றாள்.

சொல்லி முடித்தாள். வாளியில் ஊறிக்கிடந்த உறையைப் பார்த்தபடி வேன்காரர் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று எனக்குப் பயம் வந்தது. அவர் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை.

"எனக்கும் வந்துச்சு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த நாத்தம். எனக்கும் வந்துச்சு. டைப் அம்மா சொல்றதுக்கு முன்னாடியே. ஒவ்வொரு தடவையும் வந்துச்சு. என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். நீ பாத்தா திட்டுவேன்னு நம்ம தெரு வந்ததும் ஏத்திடுவேன்."

"ஏங்க சொல்லலை?"

"காலையில ஏறி உக்காந்து நீ சரின்னு தலையாட்டினே. அப்புறம் இல்லேன்னும் சொன்னே. நீ சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் வயசாகி மூக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடவில்லை, சும்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ரொம்பத் தணிந்த குரலில் பேசினார். குழாயை இன்றைக்கே மாற்றிவிடலாம், மூடியை வைத்துவிடலாம், டாக்டரே இதயம் என்று எழுதிவிட்டார், இனி வாயைத் திறந்தால் வண்டி போகும், லைசென்ஸ் போகும், ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும், போனவர் மட்டும் திரும்ப மாட்டார் என்றார். அந்தம்மாவுக்கு மிஞ்சியிருப்பது நிம்மதியாகப் போனார் என்கிற அந்த ஒரு ஆறுதல்தான், அதையும் பிடுங்கப் போகிறாயா என்று கேட்டார். அவர் சொன்னதில் எதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அவள் எழுந்து போய் அந்த ரப்பர் மூடியைத் தரையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குழாயை அன்று சாயங்காலமே மாற்றினார்கள், துளைக்குப் புது மூடி போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு பேரும் வந்தார்கள். வழக்கமாக வேன்காரர் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொள்வார். அன்றைக்கு அவளே போன் பண்ணி எல்லாரையும் தன் வாசலுக்கு வரச் சொல்லியிருந்தாள். புருஷனுக்குத் தெரியாது. ஆட்டோவிலும், மகன் ஸ்கூட்டரிலும், நடந்தும் வந்து வேன் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு முழுக்கைச் சட்டைக்குள்ளும் தெரிந்தது. அவள் வேனில் ஏறவில்லை. வாசலில் நின்று, முந்தானையை அவிழ்த்து மூடியைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னாள். நேற்று எங்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். கடைசியில் மட்டும் ஒரு வரி கூட.

"டைப் அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. நான் பொய் சொன்னேன். அதனாலதான் அவரு செத்தாரு."

வேன்காரர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவர் மகனைப் பார்த்தார், இன்னொருவர் தன் செருப்பைப் பார்த்தார். போலீசுக்குப் போகணும் என்று அந்த மகன் முணுமுணுத்தான். அவன் அப்பா அவன் கையைப் பிடித்து, எட்டு மணிக்கு மெஷின் என்றார். அதுதான் விஷயம். ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் ஏறும், இரண்டு நாள் தவறினால் நெஞ்சை அடைக்கும். அந்த நேரத்துக்கு வேறு வேனுக்கு எங்கே போவார்கள்?

டைப் அம்மாதான் முதலில் நகர்ந்தார். வேன் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க ஏறினார். முன்வரிசையைத் தாண்டிப் போனார். பின்சீட்டில், உறை இல்லாத வெறும் ரெக்ஸினில், கடிகாரக்காரர் கால் நீட்டும் இடத்தில் உட்கார்ந்தார். ரப்பர் பட்டை ஒட்டிய கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பட்டை பிய்ந்துகொண்டு வந்தது. அதைச் சுருட்டி வெளியே போட்டார்.

"இனிமே இங்க நான் உக்காந்துக்கறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்கு மூக்கு இருக்கு."

பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொரு கண்ணாடியாக இறங்கியது. வேன் தெருமுனையில் லாரிகளின் புகைக்குள் நுழைந்து திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். கீழே கிடந்த ரப்பர் பட்டையைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். வீட்டைப் பூட்டினாள். கடிகாரக்காரர் வீட்டுக்குத்தான் போகிறாள் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

என் கடைக்கு முன்னால் வந்தபோது கொஞ்சம் நின்றாள். துணைக்கு வருகிறேன் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாளோ என்னமோ. மழை வரும் போலிருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் குடை எடுக்காமலே போனாள்.

பின்சீட்டுக்கு அடியில் ஸ்டெப்னியைத் திரும்ப வைத்த அன்றைக்கு வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தரைவிரிப்புக்கு அடியிலிருந்து குப்பென்று புகை என் முகத்தில் அடித்தது. இருமினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் வீட்டு வேன், அவளுக்குத் தெரியாததா என்று ஸ்டெப்னியைத் தள்ளிவிட்டு வந்து என் வேலையைப் பார்த்தேன். இதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.